பனிக்காலச் சாலையில்: ஆரணியிலிருந்து சேத்துப்பட்டு வரை

ஆரணி என்றவுடன் பட்டு நினைவுக்கு வருகிறது. பட்டுக்கு அடுத்தபடியாக அரிசி. இவ்விரண்டின் புகழையும் நம் வாசகர்கள் நன்கறிவர். ஆகவே அவற்றைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, மார்கழி, தை மாதங்களில் அவ்வூர் மக்கள் விடியுமுன் மிதிவண்டியில் புறப்படுவதையும், அப்போது அவர்தம் முகத்தையும் தொண்டையையும் தாக்கும் குளிர்காற்றையும் பற்றிச் சில கூற விரும்புகிறோம். கேட்பதற்கு இது சிறு பொருளாகத் தோன்றலாம். இழுப்பு நோயுள்ள குழந்தையை மிதிவண்டியின் முன்கம்பியில் அமர்த்திக்கொண்டு அதிகாலைத் திருப்பலிக்கு வரும் தந்தைக்கு இது சிறு பொருளன்று.

ஆரணி, கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த ஊர். முன்னாளில் வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1989இல் அம்மாவட்டம் பிரிக்கப்பட்டபோது திருவண்ணாமலைப் பகுதியோடு சேர்க்கப்பட்டது. திருச்சபை அமைப்பில், 1952இல் உருவான வேலூர் மறைமாவட்டத்தில் அடங்குவது. மேற்கே சவ்வாது மலைத்தொடர். கடலோ கிழக்கே நெடுந்தொலைவில். கடலோர ஊர்களில் இரவின் குளிரைக் கடல் தணித்துவிடும். இங்கே அத்துணை இல்லை. வானம் தெளிந்த தை மாத இரவுகளில் நிலம் தன் வெப்பத்தை விரைந்து இழந்துவிட, விடியற்காலையில் வெப்பநிலை 18 டிகிரி செல்சியசை ஒட்டியும், சில நாள்களில் அதற்குக் கீழேயும் இறங்கிவிடுகிறது. வடநாட்டு மலைகளில் வாழ்வோர் இதையும் ஒரு குளிரா என்று நகைக்கக் கூடும். ஆனால் சித்திரை, வைகாசியில் 40 டிகிரி வெயிலில் வெந்து பழகிய உடம்புக்கு இது குளிர்தான்.

நாம் அங்குச் சென்றது தை மாதத்தின் இறுதி வாரத்தில். நெசவாளர் தெருக்களில் கிழக்கு வெளுக்கும் முன்னரே அரவம் எழுந்துவிடுகிறது. காற்று அசையாத அந்நேரமே பாவை நீட்டி விரித்துச் சீர்செய்வதற்கு ஏற்றது. காற்று கிளம்பிவிட்டால் இழை குழம்பும், வெயில் ஏறிவிட்டால் நூல் முறுகும். வீடுகளுக்குள்ளே குழித்தறியில் கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்து நாடா ஓட்டுபவருக்குக் குழியின் ஈரக் குளிர் முழங்கால் வரை ஏறும். பட்டு நூல் பெரும்பாலும் கருநாடகத்திலிருந்தும், சரிகை சூரத்திலிருந்தும் வருகின்றன. வந்த நூல் நகரத்தோடு நின்றுவிடுவதில்லை. சுற்றியுள்ள சிற்றூர்த் தறிகளுக்கும் செல்கிறது. பாவும் ஊடையும் வாங்கிச் செல்வதற்கும், நெய்து முடித்த புடவையை ஒப்படைத்துக் கூலி பெறுவதற்கும் நெசவாளர் நகருக்கு வந்து போதல் வேண்டும். ஒரு தலைமுறைக்கு முன் இப்போக்குவரத்து மிதிவண்டியையே நம்பியிருந்தது. இன்று மோட்டார் வண்டிகள் பெருகிவிட்டன. எனினும் விடியற்காலைச் சாலையில் மிதிவண்டி மறைந்துவிடவில்லை. பால் கொண்டு செல்பவர், அரிசி ஆலைக்கு வேலைக்குப் போகிறவர், தனிப்பாடம் படிக்கச் செல்லும் மாணவ மாணவியர் என்று வரிசையாக வந்துகொண்டே இருக்கின்றனர். மாணவியர் பலர் மிதிப்பது அரசு வழங்கிய விலையில்லா மிதிவண்டி.

இவர்கள் குளிரை எவ்வாறு தடுக்கிறார்கள் என்று நோக்கினோம். முதியவர்கள் ஈரிழைத் துண்டைத் தலையைச் சுற்றிக் காதை மூடி முண்டாசாகக் கட்டியிருந்தனர். நடுவயதினர் சிலர் கம்பளிக் குல்லாய் அணிந்திருந்தனர். இளைஞர் தலையில் ஒன்றுமில்லை. குளிருக்கு அஞ்சுவது இளமைக்கு இழுக்கு என்ற எண்ணம் போலும். ஆனால் முண்டாசு கட்டியவரும் சரி, குல்லாய் போட்டவரும் சரி, மூக்கையும் வாயையும் திறந்தே விட்டிருந்தனர். இன்னொன்றும் கண்ணுக்குத் தட்டுப்பட்டது. ஊரே பட்டு நெய்கிறது. மிதிவண்டியில் சென்ற ஒருவர் கழுத்திலும் பட்டு இல்லை. எல்லாம் பருத்தித் துண்டுதான்.

"தலையில் பனி இறங்கும்" என்று நம் பாட்டிமார் சொல்வது வழக்கம். உண்மையில் பனி வானிலிருந்து இறங்குவதில்லை. இரவில் குளிர்ந்துபோன புல், ஓடு, மிதிவண்டியின் இரும்பு ஆகியவற்றின்மீது காற்றிலுள்ள ஈரமே நீர்த்துளியாகப் படிகிறது. ஆயினும் தலையையும் காதையும் மூடச் சொன்ன பாட்டிமார் தவறாகச் சொல்லிவிடவில்லை. அவர்கள் காலத்தில் பெரும்பாலோர் நடந்து சென்றனர். நடப்பவனுக்கும் மிதிப்பவனுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றுண்டு. மிதிப்பவன் தன் காற்றைத் தானே உண்டாக்கிக்கொள்கிறான். இலை அசையாத விடியலிலும், மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவன் முகத்தில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகக் காற்று வீசிக்கொண்டே இருக்கும். நம் தோலை ஒட்டி, உடற்சூட்டால் வெதுவெதுப்படைந்த மெல்லிய காற்றுப் படலம் ஒன்று எப்போதும் போர்வைபோல் இருக்கிறது. அசையாமல் நிற்கும்போது அது காக்கும். விரைந்து செல்லும்போது காற்று அதை உரித்துக்கொண்டு போய்விடும். கொதிக்கும் கஞ்சியை விசிறியால் வீசி ஆற்றுகிறோம் அல்லவா? விசிறி வீசும் காற்று அறையின் காற்றைவிடக் குளிர்ந்ததன்று. கஞ்சியின் மேலிருந்த சூடான ஆவியை அகற்றுவதாலேயே கஞ்சி ஆறுகிறது. நம் முகமும் அவ்வாறே ஆறுகிறது. கண்ணில் நீர் வழிவதும் இதனால்தான்: விழியின் ஈரத்தைக் காற்று உலர்த்த, அதை ஈடுசெய்யக் கண் மேலும் நீரைச் சுரக்கிறது. துயரமின்றி அழுதுகொண்டு செல்லும் மிதிவண்டிக்காரர்களை அன்று பலவாகக் கண்டோம். அரிசி ஆலைகளுக்கு அருகே உமிச்சாம்பல் துகளும் காற்றில் சேர்ந்து வரக் கூடும். ஆதலால் வெறும் கண்ணாடியிட்ட ஒரு மூக்குக்கண்ணாடி இவ்வூரில் ஆடம்பரமன்று.

தொண்டையின் கதை வேறு. மூடுபனி நிறைந்த காலையில் காற்றே ஈரமாக இருக்க, தொண்டை ஏன் வறளுகிறது என்று பலர் வியப்பதுண்டு. காரணம் எளிது. 18 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று, தன்னால் இயன்ற அளவு ஈரம் ஏற்றிருந்தாலும், ஏறக்குறைய 15 கிராம் நீரையே தாங்கும். அக்காற்று நுரையீரலை அடையும்போது உடலின் வெப்பமாகிய 37 டிகிரிக்குச் சூடாகிவிடுகிறது. அந்நிலையில் அது 44 கிராம் நீரைக் கேட்கும். மீதி 29 கிராம் எங்கிருந்து வரும்? நம் மூக்கும் தொண்டையும்தான் கொடுத்தாக வேண்டும். நிதானமாக மிதிப்பவர் நிமிடத்துக்கு 30 லிட்டர் காற்றை உள்ளிழுத்தால், ஒரு மணி நேரத்தில் அது 1.8 கன மீட்டர். இழந்த நீரில் எதுவும் மீளாவிடில், இரண்டரை மணி நேரப் பயணத்தில் ஒரு சிறு குவளைத் தண்ணீர் மூச்சிலேயே போய்விடும்.

இறைவன் மூக்கைப் படைத்த நுட்பம் இங்கே விளங்குகிறது. உள்ளே மடிப்பு மடிப்பாக அமைந்த மூக்கு, வரும் காற்றைச் சூடாக்கி ஈரமாக்குகிறது. வெளியேறும் காற்றிலிருந்து அந்த ஈரத்தில் ஒரு பகுதியை மீட்டும் கொள்கிறது. குளிரில் மூக்கு ஒழுகுவதற்கு அவ்வாறு மீண்ட நீரும் ஒரு காரணம். வாய்க்கு இத்திறன் மிகக் குறைவு. மேட்டில் ஏறும்போதோ, தாமதமாகிவிட்டதென்று விரைந்து மிதிக்கும்போதோ, மூக்கு போதாமல் வாய் தானாகத் திறந்துகொள்கிறது. தொண்டை கரகரப்பது அங்கிருந்துதான் தொடங்குகிறது. எனவே முதல் மருந்து துணியன்று, வேகக் குறைவே. வாயை மூடிக்கொண்டு மிதிக்க இயலும் வேகம் எதுவோ, அதுவே குளிர்காலத்துக்கு ஏற்ற வேகம். கால் மணி நேரம் முன்னதாகப் புறப்பட்டால் போதுமானது. இதைச் சொல்வது எளிது, தை மாதத்தில் போர்வையை விட்டு எழுவது கடினம் என்பதை அறிவோம்.

இரண்டாவதே துணி. மூக்கையும் வாயையும் தளர்வாக மூடும் மெல்லிய துணி, மூக்கு செய்யும் வேலையில் பங்கு கொள்கிறது. வெளிவிடும் மூச்சின் சூட்டையும் ஈரத்தையும் பிடித்து வைத்து, அடுத்த மூச்சுக்குத் திருப்பித் தருகிறது. ஆனால் பருத்தித் துண்டு சிறிது நேரத்தில் நனைந்துவிடும். நனைந்த பருத்தி முகத்தோடு ஒட்டி, முன்னிலும் குளிர்விக்கும். கம்பளியும் பட்டும் அப்படியல்ல. ஈரத்தைத் தம் இழைக்குள் வாங்கிக்கொண்டும் தொடுவதற்கு உலர்ந்தாற்போல் இருக்கும் இயல்பு அவற்றுக்கு உண்டு. ஆரணியில் இதைச் சொன்னால், "முகத்தில் கட்டப் பட்டா? நன்றாகச் சொன்னீர்கள் ஐயா!" என்று சிரிப்பார்கள், சிரிக்கவும் செய்தார்கள். நெய்பவர் விலை கொடுத்து வாங்க முடியாத பொருளைக் கழுத்தில் சுற்றிக்கொள் என்று அறிவுரை கூற நாமும் துணியோம். பருத்தித் துண்டே போதும்; ஒன்றுக்கு இரண்டாக எடுத்துச் சென்று, பாதி வழியில் மாற்றிக்கொள்ள வேண்டும். வெள்ளைத் துண்டாயின் இன்னும் நன்று. மூடுபனியில் பின்னால் வரும் லாரி ஓட்டுநர் கண்ணுக்கு அது தெரியும். காதை மூடும்போது ஒரு மடிப்புக்கு மேல் வேண்டா. லாரியின் ஒலிப்பான் கேட்காத அளவுக்குக் காதைக் காப்பது காப்பாகாது.

துண்டின் முனைகளைத் தொங்க விடுதல் எத்துணை ஆபத்தானது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1927இல் பிரான்சு நாட்டின் நீஸ் நகரில் புகழ்பெற்ற நடனக் கலைஞர் இசடோரா டங்கன், கழுத்தில் சுற்றிய நீண்ட பட்டுச் சால்வை காரின் சக்கரத்தில் சிக்கியதால் உயிரிழந்தார். அது பட்டுச் சால்வை என்பதால் பட்டு நகரத்தார் கவனிப்பார்கள் என்று நம்புகிறோம். மாணவியரின் தாவணியும் துப்பட்டாவும் சங்கிலியிலும் சக்கரக் கம்பிகளிலும் சிக்கும் செய்திகள் நம் நாட்டில் அரிதல்ல. முனைகளைச் சட்டைக்குள் செருகி ஒரு ஊக்கு குத்திவிட்டால் அத்துன்பம் இல்லை.

இனி நம் பயணத்துக்கு வருவோம். ஆரணியிலிருந்து தெற்கே விழுப்புரம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் இருப்பது சேத்துப்பட்டு. சென்னையிலுள்ள சேத்துப்பட்டு அன்று. லூர்து அன்னையின் திருத்தலத்தால் வட தமிழகக் கத்தோலிக்கர் அனைவரும் அறிந்த சேத்துப்பட்டு. பாரிஸ் வேதபோதக சபையின் தாராஸ் அடிகளார் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவ்வூரை நடுவாகக் கொண்டு இச்சுற்றுப்புறச் சிற்றூர்களில் நற்செய்தி அறிவித்தார். லூர்து அன்னையின் திருநாள் பிப்ரவரி 11. நாம் புறப்பட்டது அதற்குச் சில நாள்கள் முன்பு, பிப்ரவரி 3ஐ அடுத்து. அன்று புனித பிளேசியாரின் நினைவு நாள். முந்திய நாள் மந்திரிக்கப்பட்ட மெழுகுவர்த்திகள் இரண்டைக் குறுக்காகப் பிடித்துக் குருவானவர் நம் தொண்டையை ஆசீர்வதிக்கும் பழக்கத்தை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். செபாஸ்தே நகரின் ஆயரான அப்புனிதர், தொண்டையில் மீன்முள் சிக்கிய சிறுவனைக் காத்தார் என்பது மரபு. ஏறத்தாழ 316இல் ஆட்டு மயிர் சிக்கெடுக்கும் இரும்புச் சீப்புகளால் அவர் வதைக்கப்பட்டார் என்பதால், கம்பளித் தொழிலாளரும் அவரையே தம் பாதுகாவலராகக் கொண்டனர். தொண்டைக்கும் கம்பளிக்கும் ஒருவரே காவலர்.

வழியில் செய்யாற்றைக் கடக்க வேண்டும். ஆற்றை நெருங்கும்போதே குளிர் கூடுவதை முகம் உணர்ந்துவிடும். குளிர்ந்த காற்று கனமானது. இரவெல்லாம் அது நீர்போலவே தாழ்வான இடத்தை நாடி ஆற்றுப் படுகையில் தேங்கி நிற்கிறது. பாலத்துக்கு முன்பே நின்று கழுத்துத் துணியை இறுக்கிக்கொள்வது நலம். பாலத்துக்கு அப்பால் ஒரு தேநீர்க் கடையில் சுக்குக் காப்பி கிடைத்தது. சுக்கு தொண்டையைக் குணப்படுத்துமோ இல்லையோ, சூடான நீர் குணம் செய்யும். இழந்த நீரை ஈடுசெய்யும். புறப்படும் முன் ஒரு குவளை வெந்நீர், வழியில் ஒரு முறை, சேர்ந்த பின் ஒரு முறை என்றால் தொண்டை தன்னைக் காத்துக்கொள்ளும். உதடு வெடிப்பதற்குத் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவலாம். நாவால் ஈரமாக்கிக்கொண்டே இருப்பது வெடிப்பை மிகுவிக்கும். ஆனால் சிலர் செய்வதுபோல மூக்கினுள் எண்ணெய் விடுதல் ஆகாது. எண்ணெய் மூச்சுக்குழல் வழியே நுரையீரலில் இறங்கி அழற்சி உண்டாக்கும். குழந்தைகளுக்கு இது பேராபத்து.

மார்பைக் காக்க ஒரு செலவில்லா வழி இத்தாலியிலிருந்து வந்தது. அங்குக் கோமோ ஏரிக்கு அருகில் கிசாலோ என்னும் மலைமேல் அன்னை மரியாவின் சிற்றாலயம் ஒன்றுண்டு. அவ்வன்னையை 1949இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் மிதிவண்டியோட்டிகளின் பாதுகாவலியாக அறிவித்தார். 1938இலும் 1948இலும் பிரான்சுச் சுற்றுப் போட்டியில் வென்ற ஜீனோ பர்த்தாலி முதலியோரின் மிதிவண்டிகள் அங்கே வைக்கப்பட்டுள்ளன. இவர்கள் போன்ற வீரர்கள் மலையுச்சியை அடைந்ததும் வழியோரத்தில் நிற்பவரிடம் ஒரு செய்தித்தாளை வாங்கிச் சட்டைக்குள் மார்பின்மேல் செருகிக்கொள்வர். இறக்கத்தில் வரும் கடுங்காற்று அதைத் தாண்டுவதில்லை. நேற்றைய நாளிதழ் எல்லா வீட்டிலும் இருக்குமே.

சேத்துப்பட்டுக் கோயிலில் லூர்துக் காட்சியின் சுரூபத்தின் முன் நிற்கும்போது ஒன்று நினைவுக்கு வந்தது. 1858 பிப்ரவரி 11 கடுங்குளிர் நாள். வீட்டில் விறகில்லை. விறகு பொறுக்கப் போகிறேன் என்று கேட்ட பதினான்கு வயது பெர்னதெத்தை அனுப்ப அவள் தாய் தயங்கினாள். அச்சிறுமிக்கு இழுப்பு நோய் இருந்தது. இறுதியில், தலையையும் தோளையும் மூடும் முக்காட்டை அணியச் செய்தே அனுப்பினாள். காட்சிப் படங்களில் பெர்னதெத்தின் தலைமேல் நாம் காணும் வெண்துணி அதுவே. அதை வழிபாட்டு உடை என்று எண்ணியிருந்தோர் உண்டு. அது ஓர் ஏழைத்தாய் நோயுற்ற மகளுக்குப் போர்த்திய குளிர்காப்பு. இழுப்பு பெர்னதெத்தை விட்டு நீங்கவே இல்லை. எலும்பு காச நோயும் சேர்ந்துகொள்ள, 1879இல் 35 வயதில் நேவேர் நகரில் இறந்தாள்.

இழுப்புள்ளவர்களுக்குக் குளிர்ந்த காற்றை விரைந்து இழுத்தல் உண்மையிலேயே கேடு. மூச்சுக்குழல்கள் வறண்டு சுருங்கிவிடும்; மார்பில் சீழ்க்கை ஒலி கேட்கும். சளிக்கும் காய்ச்சலுக்கும் காரணம் நுண்கிருமிகளே, குளிரன்று. இழுப்பைத் தூண்டுவதோ குளிர்ந்த வறண்ட காற்றே. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு, இழுப்புக்குச் சளி மருந்து கொடுத்துக் காலம் கடத்துவோர் இன்னும் இருக்கின்றனர். மருத்துவர் உறிஞ்சு மருந்து கொடுத்திருந்தால், அவர் சொன்னபடி புறப்படுமுன்பே அதை எடுத்துக்கொள்ளுதல் வேண்டும். முதல் பத்து நிமிடம் மெதுவாக மிதித்து உடலைச் சூடேற்ற வேண்டும். சீழ்க்கை கேட்டால் உடனே இறங்கி நின்றுவிட வேண்டும். கோயிலுக்குத்தானே போகிறோம், சிறிது தூரம் மிதித்துவிடுவோம் என்று எண்ணலாகாது.

குழந்தையைப் பற்றித் தொடக்கத்தில் சொன்னோம். மிதிக்கின்ற தந்தைக்குத் தன் உழைப்பே சூடு தருகிறது. இரண்டு கிலோமீட்டரில் அவருக்கு வியர்க்கவும் தொடங்கும். ஆகவே குளிர் அவ்வளவாக இல்லை என்று அவர் எண்ணிக்கொள்வார். முன்கம்பியில் அசையாமல் அமர்ந்திருக்கும் குழந்தையோ காற்று முழுவதையும் தன் முகத்தில் ஏற்கிறது; தந்தைக்கு அதுவே காற்றுத் தடுப்பாகவும் ஆகிவிடுகிறது. தந்தையின் உடம்பைக் கொண்டு குழந்தையின் குளிரை அளக்கக் கூடாது. குழந்தையைப் பின்னிருக்கையில், தந்தையின் முதுகை ஒட்டி, கால் சக்கரத்தில் படாதபடி அமர்த்துவதே முறை. வாயையும் மூக்கையும் இறுக மூடாமல், மூச்சு தடையின்றி நடக்குமாறு மென்துணி சுற்றி, இடையிடையே நிறுத்திக் கன்னத்தையும் கையையும் தொட்டுப் பார்க்க வேண்டும். கிறிஸ்து பிறப்பு விழாவின் நள்ளிரவுத் திருப்பலி முடிந்து, உறங்கிவிட்ட குழந்தையோடு பின்னிரவில் சிற்றூருக்குத் திரும்புவோர் பலர். உறங்கும் குழந்தையின் தலை சாயும், துணி நழுவும், பின்னிருக்கையிலிருந்து விழவும் நேரும். அத்தகையோர் விடியும் வரை பங்கு வளாகத்திலேயே தங்கிச் செல்லப் பங்குத் தந்தையிடம் கேட்டால், பாயும் போர்வையும் கிடைக்காமற் போகாது. சேத்துப்பட்டிலிருந்து நாம் திரும்பியது வெயில் ஏறிய பின்னர்தான். ஒன்பது மணிக்குள் செய்யாற்றுப் படுகையின் மூடுபனி முழுவதும் கலைந்துவிட்டிருந்தது.